பல் வைத்திய பீடம் செல்ல விரும்பும் மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வெற்றிலைத் தட்டம் இல்லாத வீடுகள் குறைவு. கலியாண வீட்டிலும் மரண வீட்டிலும் வருபவர்களுக்கு முதலில் நீட்டப்படுவது வெற்றிலையே. இலங்கை ஆண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய் என்பது நமக்குத் தெரிந்ததே. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயைத் தரக்கூடியது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் கூறியுள்ளது. வாயில் தோன்றும் வெள்ளைப் படலத்தையும் ஆறாத புண்ணையும் ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் பல் வைத்தியரே. ஆகவே பல் வைத்தியர் என்பவர் பல்லைப் பிடுங்குபவர் மாத்திரமல்லர், உயிரைக் காப்பவரும் ஆவார்.

நமது கிராமங்களில் இந்தத் தொழிலை விரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள், திறமையுள்ள பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் பரீட்சை மண்டபத்தில் இடத்தை இழப்பவர்களைப் போலவே, மண்டபத்துக்கு வெளியே இழப்பவர்களும் உண்டு. எந்தப் பாடங்களை எடுப்பது, எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படிப்பது, விண்ணப்பப் படிவத்தை எப்படி நிரப்புவது என்பவற்றைச் சரியான நேரத்தில் அறியாமையே அதற்குக் காரணம். பட்டணத்துப் பிள்ளைக்கு இவற்றை வீட்டிலேயே சொல்லிக் கொடுக்க ஒருவர் இருப்பார். கிராமத்துப் பிள்ளைக்கும் அவை தெரிய வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

எங்கே படிக்கலாம்?

இலங்கையில் பல் வைத்தியப் பட்டப் படிப்புக்கு நீண்ட காலமாக ஒரே இடமாக இருந்தது பேராதனைப் பல்கலைக்கழகமே. 1954இல் கொழும்பிலிருந்து பேராதனைக்கு மாற்றப்பட்ட இப்பிரிவு பின்னர் தனிப் பீடமாக வளர்ந்தது. ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட பல் போதனா வைத்தியசாலையும் அங்கு உண்டு. அண்மைய ஆண்டுகளில் சிறி ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் பல் வைத்திய பீடம் அமைந்துள்ளது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதார பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில் மருத்துவமும் தாதியியலும் கற்பிக்கப்படுகின்றன. பல் வைத்தியம் அங்கு இல்லை.

அரச பல்கலைக்கழகத்தில் கற்பதற்குக் கட்டணம் இல்லை. குறைந்த வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் மகாபொல புலமைப்பரிசிலுக்கோ வேறு உதவிப் பணத்துக்கோ விண்ணப்பிக்கலாம். எனவே பணம் இல்லை என்ற காரணத்துக்காக மாத்திரம் எந்தப் பெற்றோரும் பிள்ளையின் விருப்பத்தைத் தடுக்க வேண்டியதில்லை. படிப்பு ஆங்கில மொழியில் நடைபெறும். உயர்தரப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம்.

இடங்கள் எப்படிப் பகிரப்படுகின்றன?

கலைத்துறை போன்ற சில கற்கைநெறிகளைத் தவிர ஏனையவற்றுக்கு, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இடங்களை மூன்று பங்காகப் பிரிக்கிறது.

1. நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் வழங்கப்படும்.
2. நூற்றுக்கு 55 இடங்கள் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி வழங்கப்படும்.
3. நூற்றுக்கு 5 இடங்கள் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு வழங்கப்படும். மட்டக்களப்பும் அம்பாறையும் திருகோணமலையும் இப்பட்டியலில் உள்ளன.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கின் மூலம் பார்ப்போம். விளக்கத்துக்காக ஓர் ஆண்டில் 100 பல் வைத்திய இடங்கள் உள்ளன என வைத்துக்கொள்வோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தின் சனத்தொகை ஏறக்குறைய 5 இலட்சத்து 26 ஆயிரம். நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய 2 கோடியே 3 இலட்சத்து 60 ஆயிரம். நமது பங்கு நூற்றுக்கு இரண்டரையை விடச் சற்று அதிகம். 55 இடங்களில் அந்தப் பங்கைக் கணக்கிட்டால் வருவது ஒன்றரைக்கும் குறைவு. பின்தங்கிய மாவட்டங்களுக்குரிய 5 இடங்களை 16 மாவட்டங்கள் பகிரும்போது ஒரு மாவட்டத்துக்கு ஒரு முழு இடம் கிடைப்பதும் அரிது.

அதாவது மாவட்டப் பங்கினால் கிடைப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களே. மருத்துவத்துக்கு நாட்டில் பல பீடங்களும் கூடுதலான இடங்களும் உள்ளபடியால், பொதுவாக மாவட்டத்தில் மருத்துவத்துக்குத் தெரிவானவர்களுக்கு அடுத்த வரிசையில் நிற்பவர்களே பல் வைத்தியத்துக்குத் தெரிவாகிறார்கள். ஆகவே பல் வைத்தியம் மருத்துவத்தை விட இலகுவானது என்று எண்ணிப் படிப்பவர் ஏமாந்து போவார். மருத்துவத்துக்குப் படிப்பது போலவே படிக்க வேண்டும்.

முதலாவது படி: பாடத் தெரிவு

உயர்தர உயிரியல் பிரிவில் உயிரியலும் இரசாயனவியலும் அவசியம். மூன்றாவது பாடமாகப் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தை எடுப்பதற்கும் இடமுண்டு. பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில் பிள்ளைகள் அப்படியே எடுத்தும் விடுகிறார்கள். விவசாயத் துறைக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு அது நல்ல தெரிவுதான். ஆனால் விவசாய விஞ்ஞானத்தை எடுத்த பிள்ளை மருத்துவத்துக்கோ பல் வைத்தியத்துக்கோ விண்ணப்பிக்க முடியாது. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றிலும் ஒரே தடவையில் சித்தி பெற்றிருக்க வேண்டும். பதினாறு வயதில், சில வேளை யாரையும் கேட்காமல், ஒரே நாளில் எடுக்கப்படும் இந்தத் தீர்மானம் பின்னர் திருத்துவதற்குக் கடினமானது.

அடுத்ததாகப் பாடசாலை. 1ஏபி தரப் பாடசாலைகளில் மாத்திரமே உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி தரப் பாடசாலையில் கலையும் வர்த்தகமும் உண்டு, விஞ்ஞானம் இல்லை. 2ஆம் தரப் பாடசாலை 11ஆம் ஆண்டோடு முடிந்துவிடும். 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, புனித மிக்கேல் கல்லூரி, வின்சன்ட் மகளிர் பாடசாலை, கல்லடி உப்போடை சிவானந்தா வித்தியாலயம் போன்ற பெயர் பெற்ற பழைய பாடசாலைகள் எழுவான்கரையிலேயே அமைந்தன. படுவான்கரைப் பிள்ளை விஞ்ஞானம் படிக்க விரும்பினால் பல காலம் வாவியைப் பாதையில் கடந்தே போகவேண்டியிருந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பயணம் எளிதாகியுள்ளது. ஆனாலும் எல்லாக் கிராமங்களுக்கும் இது பொருந்தாது.

எனவே 10ஆம் ஆண்டிலேயே பெற்றோர் விசாரிக்க வேண்டியவை மூன்று. நமது வலயத்தில் விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலை எது? அங்கு மூன்று பாடங்களுக்கும் நிரந்தர ஆசிரியர் உண்டா? பிள்ளை தினமும் போய் வரலாமா, அல்லது விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்க வேண்டுமா? மாவட்டத்தில் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மேற்கு, மட்டக்களப்பு மத்தி, பட்டிருப்பு, கல்குடா என ஐந்து கல்வி வலயங்கள் உள்ளன. அந்தந்த வலயக் கல்வி அலுவலகத்தில் இவ்விபரங்களைப் பெறலாம். சாதாரண தரத்தில் கணிதச் சித்தியும், விஞ்ஞானத்தில் குறைந்தது திறமைச் சித்தியும் தேவை என்பதையும் மனதிற் கொள்ள வேண்டும்.

சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தர வகுப்புத் தொடங்குவதற்கும் இடையில் சில மாதங்கள் கிடைக்கும். அக்காலத்தில் மடக்கை, திரிகோண கணிதம், வரைபு, அலகு மாற்றம் ஆகியவற்றை ஒருமுறை முழுமையாக மீட்டினால் பௌதிகவியலின் பயம் பாதி போய்விடும். உயிரியல் பிரிவு மாணவர் பலருக்குப் பௌதிகவியல் கடினமாவது அதிலுள்ள கணிதத்தினாலேயே.

இரண்டாவது படி: இசட் புள்ளியை விளங்கிக்கொள்ளல்

2001ஆம் ஆண்டு முதல் தெரிவு நடைபெறுவது மொத்தப் புள்ளியின்படி அல்ல, இசட் புள்ளியின்படி. ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியையும் கழித்து, வரும் விடையை அப்பாடத்தின் நியம விலகலால் வகுத்தால் அப்பாடத்தின் இசட் புள்ளி கிடைக்கும். மூன்று பாடங்களினதும் சராசரியே உங்கள் இசட் புள்ளி. அது நான்கு தசம தானங்கள் வரை கணிக்கப்படுகிறது. வெட்டுப்புள்ளிக்கு அருகில் நிற்கும் இருவரை மூன்றாவது, நான்காவது தசம தானங்கள் பிரித்துவிடலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இவை விளங்குவதற்காக எடுத்துக்கொண்ட எண்களே. உயிரியலில் சராசரி 45, நியம விலகல் 15. இரசாயனவியலில் 40, 16. பௌதிகவியலில் 35, 15. ஒரு மாணவி உயிரியலில் 84, இரசாயனவியலில் 72, பௌதிகவியலில் 44 பெறுகிறாள். அவளுடைய இசட் புள்ளிகள் முறையே 2.6, 2.0, 0.6. சராசரி 1.73.

இப்போது அவளுக்கு இரண்டு வழிகள் உள்ளன. தனக்குப் பிடித்த உயிரியலை இன்னும் படித்து 84ஐ 90 ஆக்கினால் சராசரி 1.87 ஆகும். அந்த நேரத்தைப் பௌதிகவியலுக்குக் கொடுத்து 44ஐ 59 ஆக்கினால் சராசரி 2.07 ஆகும். 84இலிருந்து 90க்குப் போவது செங்குத்தான மலையில் ஏறுவது போன்றது. 44இலிருந்து 59க்குப் போவது முறையான பயிற்சியால் முடியக்கூடியது. பிடித்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படிப்பது நமது பிள்ளைகளின் பொதுவான பழக்கம். இடம் கிடைப்பதும் கிடைக்காமற் போவதும் அநேகமாக அந்தப் பிடிக்காத பாடத்திலேயே தங்கியுள்ளது.

இன்னுமொரு விடயம். பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் கணிதப் பிரிவு மாணவரும் தோற்றுகிறார்கள். சராசரி கணிக்கப்படும்போது அவர்களும் சேர்க்கப்படுகிறார்கள். எனவே அவ்விரு பாடங்களிலும் உயிரியல் மாணவர் தம் வகுப்பு நண்பர்களோடு மாத்திரம் தம்மை ஒப்பிட்டுத் திருப்தியடையக் கூடாது.

பரீட்சைக்குப் பயிற்சி

மூன்று பாடங்களிலும் முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், நேரம் இரண்டு மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடமும் 24 செக்கனும். வீட்டில் மணிக்கூட்டை வைத்து, நடுவில் எழும்பாமல், ஒரே இருப்பில் செய்து பழக வேண்டும். பிழைத்த வினாக்களை ஒரு தனிக் கொப்பியில் எழுதி, ஏன் பிழைத்தது என்பதை ஒரு வரியில் குறித்து வைக்க வேண்டும். பாடம் தெரியாமல் பிழைத்ததா, வினாவைச் சரியாக வாசிக்காமல் பிழைத்ததா, கணக்கிற் பிழைத்ததா என்று மூன்றாகப் பிரித்தால், எதைத் திருத்த வேண்டும் என்பது ஒரு மாதத்திலேயே தெரிந்துவிடும்.

பரீட்சைத் திணைக்களம் கடந்த கால வினாத்தாள்களையும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் வெளியிடுகிறது. மாணவர்கள் எந்த வினாவில் ஏன் புள்ளி இழந்தார்கள் என்பது அவ்வறிக்கைகளில் எழுதப்பட்டிருக்கும். எல்லோரும் வினாத்தாளை வாங்குகிறார்கள், அறிக்கையை வாசிப்பவர் குறைவு. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியில் ஒவ்வோர் அலகுக்கும் எவ்வளவு ஆழம் தேவை என்பது உண்டு. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளத்திலும் பாடங்களை இலவசமாகப் பெறலாம். தூரக் கிராமத்தில் ரியூசன் இல்லாத பிள்ளைக்கு இம்மூன்றும் பெரும் துணையாகும்.

பொதுச் சாதாரணப் பரீட்சையையும் அலட்சியம் செய்யக் கூடாது. அதன் புள்ளி இசட் புள்ளியிற் சேராது. ஆனால் குறைந்தது 30 புள்ளி பெறாவிட்டால் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி இல்லை. அனுமதிக்காகக் கணக்கிலெடுக்கப்படுவது மூன்று தடவைகள் மாத்திரமே என்பதால், ஆயத்தமில்லாமல் ‘சும்மா எழுதிப் பார்ப்போம்’ என்று ஒரு தடவையை வீணாக்குவதும் புத்தியல்ல.

மூன்றாவது படி: மாவட்டம்

மாவட்டப் பங்குக்கு ஒருவர் எந்த மாவட்டத்தவர் என்பது, பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டு காலத்தில் அவர் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் கற்றார் என்பதைப் பிரதானமாகக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது. பிறந்த ஊரோ, பெற்றோரின் காணி இருக்கும் இடமோ அதைத் தீர்மானிப்பதில்லை.

பிள்ளைக்கு நல்லது செய்யவென்று எண்ணிக் கொழும்பிலோ கண்டியிலோ பாடசாலையிற் சேர்க்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். அங்கு போட்டி கடுமை, வெட்டுப்புள்ளியும் பொதுவாக உயர்வு. விடுமுறையில் அங்கு போய் மேலதிக வகுப்பிற் கலந்துகொள்வதனால் மாவட்டம் மாறாது. பாடசாலையை மாற்றுவதனாலேயே மாறக்கூடும்.

வாவியின் தென் கரையில் இது இன்னும் நுட்பமானது. துறைநீலாவணை, பெரியகல்லாறு ஆகிய ஊர்கள் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தவை. அருகிலுள்ள கல்முனை அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தது. சில மைல் தூரத்திலுள்ள பாடசாலைக்குப் போகும் பிள்ளை அனுமதியில் வேறொரு மாவட்டத்தின் வரிசையில் நிற்க நேரிடலாம். அதனால் நட்டமா இலாபமா என்பது ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும். மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கடந்த ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளை இரண்டு மாவட்டத்துக்கும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே தீர்மானிப்பது நல்லது. பாடசாலை விடுகைப் பத்திரத்தில் திகதிகள் சரியாக உள்ளனவா என்றும் பார்த்து வைக்க வேண்டும்.

நான்காவது படி: விண்ணப்பம்

பெறுபேறு வந்த பின் மானியங்கள் ஆணைக்குழு அனுமதிக் கைநூலை வெளியிட்டு இணையவழியில் விண்ணப்பம் கோரும். அதற்குரிய காலம் குறுகியது. வாழ்த்துச் சொல்ல வருபவர்களோடு நாட்களைக் கழித்து, கடைசி நாளில் கணினிக் கடைக்கு ஓடி, அங்கிருப்பவர் சொல்லும் வரிசையில் நிரப்புவது பெரும் தவறு. பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

1. கைநூலை நீங்களே முழுமையாக வாசியுங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம்.

2. கற்கைநெறிகளை உங்கள் உண்மையான விருப்பப்படி வரிசைப்படுத்துங்கள். உங்கள் இசட் புள்ளி இடங்கொடுக்கும் கற்கைநெறிகளில் வரிசையில் முதலில் நிற்பதே உங்களுக்குக் கிடைக்கும். மருத்துவத்தை முதலில் எழுதியதனால் பல் வைத்தியத்தில் உங்கள் இடம் பின்தள்ளப்படாது. பல் வைத்தியத்தையே அதிகம் விரும்பினால் அதை முதலில் எழுதுங்கள்.

3. பேராதனை, சிறி ஜயவர்த்தனபுர ஆகிய இரண்டுக்கும் கைநூலில் தனித்தனிக் குறியீடு இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். ‘கிடைக்காது’ என்று நீங்களே தீர்மானித்து விட்டுவிடாதீர்கள். எழுதாத கற்கைநெறி எவ்வளவு புள்ளி இருந்தாலும் கிடைக்காது.

4. அடுத்ததாக விரும்பும் ஏனையவற்றையும் எழுதுங்கள். ஒரு கற்கைநெறிக்குப் பதிவு செய்தவர் மீண்டும் பரீட்சை எழுதி வேறொன்றுக்கு விண்ணப்பிப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. பதிவு செய்வதற்கு முன் அந்த விதியை வாசியுங்கள்.

5. தெரிவாகியும் பதியாதவர்களின் இடங்கள் பின்னர் நிரப்பப்படும். தொலைபேசி இலக்கத்தையும் முகவரியையும் மாற்றாதீர்கள், வரும் அறிவித்தல்களைத் தவறவிடாதீர்கள்.

இடம் கிடைக்காவிட்டால்

பல் வைத்தியத் துறையில் பட்டதாரிகள் மாத்திரம் பணிபுரிவதில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சிகிச்சையளிக்கும் பல் சிகிச்சையாளர்கள் மகரகமவில் பயிற்சி பெறுகிறார்கள். சுகாதார அமைச்சு விண்ணப்பம் கோரும்போது வர்த்தமானியில் அறிவிக்கும். இவை தவிர, தாதியியல், இணைந்த சுகாதார விஞ்ஞானம், திருகோணமலை வளாகத்திலும் யாழ்ப்பாணத்திலும் கற்பிக்கப்படும் சித்த மருத்துவம் ஆகியனவும் அதே மூன்று பாடங்களோடு செல்லக்கூடிய வழிகளே.

வெளிநாட்டில் பல் வைத்தியம் படிக்க வைப்பதாகக் கூறும் முகவர்களிடம் காணியை ஈடு வைத்துப் பணம் கொடுக்கும் முன், அந்தப் பட்டத்தை இலங்கை மருத்துவ சபை ஏற்றுக்கொள்கிறதா என்று சபையிடமே எழுத்தில் கேளுங்கள். திரும்பி வந்த பின் இங்கு தகுதிப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். சபையின் ஏற்பு இல்லாத பட்டத்தோடு இங்கே தொழில் செய்ய முடியாது.

ஊர் செய்யக்கூடியது

இவற்றை ஒரு குடும்பம் தனியே செய்வது கடினம். கிராம அபிவிருத்திச் சங்கமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து சில காரியங்களைச் செய்யலாம். 11ஆம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பாடத் தெரிவு பற்றி ஆண்டுக்கு ஒரு கூட்டம் நடத்தலாம். வாசிகசாலையில் அனுமதிக் கைநூல் ஒன்றையும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் வைக்கலாம். பல்கலைக்கழகத்தில் பயிலும் ஊர்ப் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது பௌதிகவியலும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்க ஒழுங்கு செய்யலாம். விண்ணப்பக் காலத்தில் விபரமறிந்த ஆசிரியர் ஒருவரைச் சில மாலைகள் அமர்த்தி, படிவங்களைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். இவற்றிற்குப் பெரும் பணம் தேவையில்லை.

மாவட்டத்துக்கு வரும் இடங்கள் சிலவே. அவை எப்படியும் யாரோ சில பிள்ளைகளுக்குப் போகத்தான் போகின்றன. அவர்களில் ஒருவர் வெல்லாவெளியிலிருந்தோ வவுணதீவிலிருந்தோ ஏன் வரக்கூடாது? இவ்வாண்டு உங்கள் வீட்டில் 10ஆம் அல்லது 11ஆம் ஆண்டில் படிக்கும் பிள்ளை இருந்தால், மூன்றாவது பாடமாக எதை எடுக்கப் போகிறாய் என்று இன்றே கேளுங்கள்.